மலை உச்சியில் வானிலை பார்ப்பவர்கள்: மவுண்ட் வாஷிங்டன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் கோடையில் ஒரு நாள் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மவுண்ட் வாஷிங்டன் உச்சியைக் காட்டிவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். காரிலேயே உச்சி வரை ஏறிவிடலாம். மேலே ஒரு கோபுரம், அதில் ஏதேதோ கருவிகள். இங்கே ஆட்கள் தங்கி மணிக்கு மணி வானிலை எழுதுகிறார்கள் என்று சொன்னதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். மாமா கேட்டதைத்தான் அடுத்த வருடம் தங்கை மாப்பிள்ளை கேட்பார், அதையே வாட்ஸ்அப்பில் பழைய காலேஜ் நண்பன் கேட்பான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் லிங்கை அனுப்பிவிடலாமே என்றுதான் இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

1917 மீட்டர்தானா? நம்ம ஊட்டியே அதைவிட உசரமாச்சே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?

சரிதான். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், தொட்டபெட்டா 2637 மீட்டர். உயரத்தை வைத்துப் பார்த்தால் மவுண்ட் வாஷிங்டன் சின்ன மலை. ஆனால் அது இருக்கும் இடம் வேறு. பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில், 44 டிகிரி அட்சரேகையில் நிற்கிறது. கண்டத்தைக் குறுக்கே கடந்து வரும் புயல்கள், அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறும் புயல்கள், கனடாவிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று எல்லாமே அந்த வட்டாரத்தைத்தான் தாண்டிப் போகின்றன.

இன்னொரு விஷயம், மலைத்தொடர் வடக்கு தெற்காக நீண்டிருக்கிறது, காற்றோ பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. சுவர்போல் குறுக்கே நிற்கும் மலையை ஏறித் தாண்டும்போது, கீழே மலையும் மேலே வளிமண்டலத்தின் அடுத்த அடுக்கும் நெருக்க, அந்த இடுக்கில் காற்று வேகம் எடுக்கிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள், அதே கதை. வருடத்தில் ஏறக்குறைய 110 நாட்களாவது அங்கே காற்று சூறாவளி வேகத்தை, அதாவது மணிக்கு 119 கிலோமீட்டரை, தொடுகிறது. பாதி நேரத்துக்கு மேல் உச்சி மேகத்துக்குள்தான் இருக்கும். ஆண்டு சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே. இத்தனை வருடப் பதிவில் அதிகபட்ச வெயிலே 22 டிகிரிதான். சென்னையில் நாம் ஏசியையே 24-இல் வைக்கிறோம்.

கவர்ன்மென்ட் ஆபீஸா அது?

இல்லை. லாப நோக்கம் இல்லாத தனியார் அமைப்பு, உறுப்பினர் சந்தாவும் நன்கொடையும்தான் பெரிய ஆதாரம். இருக்கும் கட்டடம் மாநில அரசுடையது, 1980-இல் திறந்தது. அதற்கு முன்பு 1870 முதல் 1892 வரை அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் சர்வீஸ் அதே உச்சியில் ஆள் வைத்து வானிலை பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனது. நாற்பது வருடம் கழித்து, 1932-இல், பாப் மோனஹன், சால் பாக்லியூக்கா, அலெக்ஸ் மெக்கன்சி, ஜோ டாட்ஜ் என்ற நான்கு பேர் மறுபடி தொடங்கினார்கள். அன்று பிடித்த பேனாவை இன்றுவரை கீழே வைக்கவில்லை.

வருஷம் பூரா அங்கேயே கிடக்கணுமா? பொண்டாட்டி பிள்ளையெல்லாம்?

இல்லை, ஷிஃப்ட் உண்டு. எட்டு நாள் மேலே, ஆறு நாள் கீழே. புதன்கிழமை ஆள் மாற்றம். ஒரு ஷிஃப்டில் இரண்டு மூன்று அப்சர்வர்கள், ஒன்றிரண்டு பயிற்சி மாணவர்கள். அவர்களில் ஒருவர் இரவுக்காரர். மற்றவர்கள் தூங்கும்போது அவர் மட்டும் விழித்திருந்து மணிக்கு ஒரு தடவை வெளியே போய் வருவார்.

கோடையில் ஆள் மாற்றம் சாதாரண வண்டியில் நடந்துவிடும். குளிர்காலத்தில் 12 கிலோமீட்டர் மலைப்பாதை பனியில் புதைந்துவிடுவதால் டாங்கி மாதிரி பெல்ட் போட்ட பனி வண்டியில்தான் ஏற வேண்டும். முன்பக்கம் பனியைத் தள்ளிக்கொண்டே போகும். நல்ல நாளில் ஒன்றிரண்டு மணி நேரம், மோசமான நாளில் பாதி வழியில் திரும்ப வேண்டியதுதான். அப்போது கீழே வர வேண்டியவர்களுக்கு எட்டு நாள் ஒன்பதாகும், பத்தாகும். இந்த வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளிய போய் அப்படி என்னதான் பார்க்கறாங்க?

முதலில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. இதற்கு மிஷின் எதுவும் வேண்டாம், சுற்றியுள்ள ஒவ்வொரு மலையும் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த மலை தெரிகிறது, அதற்குப் பின்னாலுள்ளது தெரியவில்லை என்றால் கணக்கு முடிந்தது. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் நாளில் 200 கிலோமீட்டர் தாண்டி நியூயார்க் மாநிலத்து மலைகளும், கிழக்கே அட்லாண்டிக் கடலும் தெரியும். இரவில் ஊர்களின் விளக்குகள் அடையாளம். மேகத்துக்குள் இருந்தால் கையை நீட்டி எதிரே உள்ள கம்பி தெரிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம் மேகம்: என்ன வகை, வானத்தில் எத்தனை பங்கு, எந்த உயரம். இந்த மலையில் காலுக்குக் கீழேயும் மேகம் இருக்கும், அதையும் எழுத வேண்டும். வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் இன்றும் பழைய முறைதான்: ஒரு கட்டையில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் நுனியில் ஈரத்துணி, கைப்பிடியைப் பிடித்துக் காற்றில் சுழற்றுவார்கள். ஈரத்துணி உள்ளது ஆவியாகிக் குளிர்ந்து கீழே இறங்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஈரப்பதக் கணக்கு. பள்ளிக்கூட லேபில் பார்த்த சாமான்தான், ஆனால் மைனஸ் முப்பதில், உடம்பைத் தள்ளும் காற்றில் அதைச் சுழற்றிவிட்டு எண்ணை வேகமாகப் படிக்க வேண்டும், வாய்க்காற்று படக்கூடாது.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மழை, பனி பிடிக்கும் உலோகக் குவளையை மாற்ற வேண்டும். அது கட்டடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இரவில் அந்தக் கொஞ்ச தூரம் எத்தனை நீளம் என்று போனவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே கொண்டுவந்து பனியை உருக்கி எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் என்று அளப்பார்கள். எல்லாவற்றையும் சங்கேத எண்களாக்கி அனுப்பிவிட்டால், உலகத்தின் வானிலைக் கணினிகள் எடுத்துக்கொள்ளும். உடனே அடுத்த மணி வந்துவிடும்.

கடப்பாரையோட கோபுரத்துல ஏறற வீடியோ பார்த்தேன். என்னத்த இடிக்கறாங்க?

பனிக்கட்டியை. ஆனால் இது வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை. மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும். எதிலாவது மோதின மாத்திரத்தில் அங்கேயே உறைந்துவிடும். கம்பி, கைப்பிடிச் சுவர், கருவி, அப்சர்வரின் புருவம் எதுவும் தப்பாது. ரைம் என்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் அது காற்று அடிக்கும் திசையை எதிர்த்து வளரும், இறகு இறகாக, காற்று வரும் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு. பார்க்க அழகாக இருக்கும். விட்டால் சில மணி நேரத்தில் கருவியே இருந்த இடம் தெரியாது.

அதனால்தான் கடப்பாரை. மணிக்கு ஒரு தடவை ஏணி ஏறி, கருவியைத் தொடாமல் அதைத் தாங்கும் கம்பங்களைத் தட்டி அதிரவைத்து உதிர்ப்பார்கள். கம்ப்யூட்டர் மாடல் படிக்க என்று டிகிரி வாங்கிய பிள்ளைகளுக்கு வேலையின் பெரும்பகுதி இதுதான். என்னைக் கேட்டால் இந்த மலையின் முக்கியமான அறிவியல் கருவி அந்தக் கடப்பாரைதான்.

காத்தை எப்படி அளக்கறாங்க? அந்த மூணு கிண்ணம் சுத்துமே, அதுவா?

கிண்ணம் போட்ட காற்றுமானி இந்தக் குளிரில் தாங்காது, ரைம் பிடித்துச் சுற்றாமல் நின்றுவிடும் அல்லது உடையும். இங்கே இருப்பது பிட்டோ குழாய், விமானத்தின் மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே, அதே தத்துவம். குழாயின் வாயில் காற்று மோதும்போது உண்டாகும் அழுத்தத்தை வைத்து வேகம் கணக்கிடுவார்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாயும் திரும்பும், உள்ளே மின்சூடு ஓடிக்கொண்டே இருக்கும். சூடு இருந்தும் சில நாள் பனி ஜெயித்துவிடும், அப்போது முந்தின பதில்தான்.

கணினியில் பதிவாவது போக, வட்டமான காகிதத்தில் பேனா முள் கோடு போட்டுக்கொண்டே சுற்றும் பழைய சாதனமும் ஓடுகிறது. நள்ளிரவில் தாளை மாற்றுவார்கள். அமைதியான நாளின் தாளில் ஒரு சின்ன வளையம், புயல் நாளின் தாளில் முள்ளம்பன்றி.

அந்தக் காத்துல மனுஷன் நிக்க முடியுமா?

காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் சாய்ந்து நடக்கலாம், 160-இல் பெரும்பாலோர் தவழ்ந்துதான் போக வேண்டும். அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு: நூறு மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது மொட்டைமாடித் தளத்தை விழாமல், எதையும் பிடிக்காமல் ஒரு சுற்று நடந்துவிட்டால் சதக் கழகத்தில் சேர்த்தி. வருடக்கணக்கில் வேலை பார்த்தும் சேராதவர்கள் இருக்கிறார்கள்.

372 கிலோமீட்டர் வேகம்னு போர்டு போட்டிருக்கே, நிஜமா? சும்மா அடிச்சு விட்டதா?

நிஜம்தான். 1934 ஏப்ரல் 12. மேலே இருந்தவர்கள் பாக்லியூக்கா, மெக்கன்சி, வெண்டெல் ஸ்டீபன்சன், கூட விருந்தாளிகள் இரண்டு பேர். இருந்தது மரக் கட்டடம், காற்று தூக்கிக்கொண்டு போகாமல் கூரைக்கு மேலே இரும்புச் சங்கிலி போட்டுப் பாறையோடு கட்டி வைத்திருந்தார்கள். அன்று விடியற்காலை ஸ்டீபன்சனுக்குச் சந்தேகம். வெளியே கேட்கும் சத்தத்துக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் பொருந்தவில்லை. பனி பிடித்திருக்க வேண்டும் என்று தடியை எடுத்துக்கொண்டு, அந்தக் காற்றில் ஏணி ஏறி, தட்டிவிட்டு வந்தார். அவர் சோம்பேறித்தனமாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் நாம் இன்று அந்த மலையைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டோம்.

மதியம் 1.21-க்கு அந்தக் காற்று வந்தது. அளந்த விதமும் சுவாரசியமானது: அன்றிருந்த சுழலும் காற்றுமானி குறிப்பிட்ட அளவு சுற்றும்போதெல்லாம் தந்திக் கருவி ‘டிக்’ என்று அடிக்கும், இரண்டு டிக்குக்கு நடுவே எத்தனை நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துக் கணக்கு. வந்த விடை மணிக்கு 231 மைல், அதாவது 372 கிலோமீட்டர். பாக்லியூக்காவுக்கு முதலில் வந்த நினைப்பே இதை யார் நம்புவார்கள் என்பதுதான், அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிறகு கருவியைச் சோதித்துப் பார்த்து எண் சரிதான் என்று உறுதி செய்தார்கள்.

அப்போ உலக ரெக்கார்டு இன்னும் அவங்ககிட்டதானே?

இல்லை, இதில்தான் நிறைய பேர் பழைய தகவலையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1996 ஏப்ரல் 10-இல் ஒலிவியா புயல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவைக் கடந்தபோது அங்கிருந்த தானியங்கிக் கருவி மணிக்கு 408 கிலோமீட்டர் பதிவு செய்தது. உலக வானிலை அமைப்பு 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. (இவை இரண்டும் தரைமட்டக் கருவிகள் நேரடியாக அளந்தவை. டொர்னேடோவுக்குள் ராடார் காட்டும் வேகம் இந்தக் கணக்கில் சேராது.) மனிதர்கள் கூடவே இருந்து அளந்ததில் மட்டும் மவுண்ட் வாஷிங்டன்தான் இன்னும் முதலில்.

எனக்கு இந்த ரெக்கார்டு சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. அன்று 1.21-ஐ எழுதினார்கள் சரி, 2 மணிக்கும் 3 மணிக்கும் மறுநாளுக்கும் எழுதினார்களே, அதுதான் பெரிய விஷயம்.

2023-ல மைனஸ் 78 டிகிரின்னு நியூஸ்ல வந்துச்சே. அது எப்படி சாத்தியம்?

தெர்மாமீட்டர் காட்டியது மைனஸ் 44. 2023 பிப்ரவரி 3, 4 தேதிகளில் நடந்தது அது, 1934 ஜனவரியின் பழைய சாதனையைச் சமன் செய்தது. மைனஸ் 78 என்பது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர். டீயை ஊதினால் சீக்கிரம் ஆறுவது போல, நம் தோலை ஒட்டியிருக்கும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வேகம் கூடக்கூட சூடு போகிற வேகமும் கூடும். தெர்மாமீட்டருக்கு இதெல்லாம் தெரியாது, எவ்வளவு ஊதினாலும் சுற்றுக்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அது போகாது. அமெரிக்காவில் கணக்கிட்டதிலேயே அதுதான் மிகக் குறைவு என்கிறார்கள். அன்றும் ஏணி ஏறினார்கள், ஒரு அங்குலத் தோல்கூட வெளியே தெரியாமல் மூடிக்கொண்டு.

சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க? போரடிக்காதா?

குளிர்காலத்தில் வாரத்துக்கு இரண்டு தன்னார்வலர்கள் ஷிஃப்டோடு மேலே போய் எல்லோருக்கும் சமைத்துப் போடுவார்கள். அதற்கே வரிசையில் நிற்கிறார்களாம். படுக்கை, சமையலறை, நூலகம் எல்லாம் கீழ்த்தளத்தில். அப்புறம் பூனை. 1930-களிலிருந்தே உச்சியில் பூனை வளர்ப்பது வழக்கம். மார்ட்டி என்ற கருப்புப் பூனை பன்னிரண்டு வருடம் இருந்து 2020-இல் இறந்தது, இப்போது நிம்பஸ். மழைமேகத்தின் பெயர். எங்கள் கூட வரும் குழந்தைகளுக்கு 372 கிலோமீட்டர் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, பூனை எங்கே என்பதுதான் கேள்வி.

சாட்டிலைட், ராடார் எல்லாம் வந்தப்புறம் மனுஷன் எதுக்கு? ஒரு சென்சாரை வச்சுட்டு வந்துட வேண்டியதுதானே?

நியாயமான கேள்வி, பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. ஜப்பானின் ஃபூஜி உச்சியில் 1932-இல் தொடங்கிய ஆள் வைத்த நிலையம் 2004-இல் தானியங்கியானது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸில் 1883 முதல் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 1904-இல் காசில்லாமல் மூடிவிட்டார்கள். ஆஸ்திரியாவின் ஸோன்பிளிக் உச்சியில் மட்டும் 1886 முதல் இன்றுவரை ஓடுகிறது.

வாஷிங்டனில் விடாமல் இருப்பதற்குக் காரணம் முன்னால் சொன்ன ரைம்தான். பனி மூடிய சென்சார் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, அது ஓடிக்கொண்டே தப்பான எண்ணைக் கொடுக்கும். அது தப்பு என்று தெரிய, வெளியே நின்று சத்தத்தைக் கேட்ட ஆள் ஒருவர் வேண்டும். ஸ்டீபன்சன் கதையும் அதுதானே. சாட்டிலைட் மேகத்தின் மேல்பக்கத்தைப் பார்க்கும், மேகத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எழுத உள்ளே நிற்க வேண்டும்.

பென் நெவிஸுக்கு ஒரு பின்குறிப்பு. 1894 செப்டம்பரில் அங்கே இரண்டு வாரம் மாற்று ஆளாகப் போன சி. டி. ஆர். வில்சன், தன் நிழல் மேகத்தில் விழுந்து அதைச் சுற்றி வண்ண வளையம் தெரிவதைப் பார்த்து மயங்கிப்போய், ஆய்வகத்தில் மேகம் உண்டாக்கிப் பார்க்க ஆரம்பித்தார். அது அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிற்கூடமாகி 1927-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆள் இல்லாத சென்சார் இப்படி மயங்காது.

இத்தனை வருஷம் எழுதினதுல குளோபல் வார்மிங் தெரியுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

தெரிகிறது. ஆனால் ஒரே வார்த்தையில் நிறுத்தினால் தப்பாகிவிடும். உச்சியும் சூடாகி வருகிறது, அடிவாரத்தைவிட மெதுவாக. தரையை ஒட்டிய காற்றடுக்கு பல நாட்கள் உச்சிக்குக் கீழேயே முடிந்துவிடுவதால், கீழே நடப்பது மேலே அப்படியே எட்டுவதில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால் பல பத்தாண்டுகளின் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிய வேண்டும். முதலில் சொன்ன அந்தக் கையால் சுழற்றும் தெர்மாமீட்டரை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

நம்ம பக்கம் இப்படி மலை உச்சியில உட்கார்ந்து யாராவது பார்த்திருக்காங்களா?

அமெரிக்கர்களுக்கு முன்னாலேயே. 1847-இல் தொட்டபெட்டா உச்சியில் சென்னை வானாய்வகத்தின் சார்பில் ஒரு வானிலை பங்களா இருந்தது, அங்கே எடுத்த குறிப்புகள் அச்சாகியும் இருக்கின்றன. 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அகத்திய மலை மேல் ஒரு நிலையம் அமைத்தார். ஆம், நம் புலவர்கள் தென்றல் பிறக்கும் இடம் என்று பாடிய அதே பொதிகை. தென்றலுக்குப் பிறந்த வீட்டிலேயே போய்க் கருவி வைத்துவிட்டு வந்த ஆள். வாஷிங்டனில் ராணுவம் ஏறியதே அதற்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான். கொடைக்கானலை நிறைய பேர் சொல்வார்கள், அது முக்கியமாகச் சூரியனைப் பார்க்க வந்த இடம்.

மேல போனவங்க நிறைய பேர் செத்திருக்காங்களாமே, பயமில்லையா?

1849-இலிருந்து அந்த மலையிலும் அதைச் சேர்ந்த சிகரங்களிலும் 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் மலை ஏற வந்தவர்கள்: வழுக்கி விழுந்து, பனிச்சரிவில் சிக்கி, குளிரில் விறைத்து. குளிரில் விறைத்தது கோடையிலும் நடந்திருக்கிறது. கீழே அரைக்கைச் சட்டையோடு கிளம்பி, மரங்கள் முடியும் உயரத்தைத் தாண்டியதும் மேகத்துக்குள் மாட்டி, நனைந்து, காற்றில் நின்றுவிட்டால் ஜூலையிலும் ஆபத்துதான். அப்சர்வர்கள் தினமும் உச்சிக்கு என்று தனியாக ஒரு வானிலை அறிக்கை எழுதுவது இவர்களுக்காகத்தான். கிளம்பும் முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

காரில்தானே போறோம், ஆகஸ்ட்ல எதுக்கு ஸ்வெட்டர்?

இதை ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். என் கார் டிக்கியில் நான்கு ஸ்வெட்டர், இரண்டு மங்கி குல்லா நிரந்தரமாகக் கிடக்கின்றன. இதுவரை ஒரு தடவைகூட அவை மடித்தபடியே திரும்பி வந்ததில்லை. போன வருடம் இதே கேள்வியைக் கேட்ட பெரியப்பாதான் உச்சியில் ஸ்வெட்டர், குல்லா இரண்டையும் மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.